மனைவியை ‘வளர்ந்தவர் நிலை’க்குக் கொண்டுவருவது எப்படி?

வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 44. ஒரு நிறுவனத்தில் குழுத் தலைவர். மனைவியும் வேலைக்குப் போகிறவர். 15 வயதில் ஒரு மகள். சில மாதங்களுக்கு முன் அலுவலகத்தில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் ‘டிரான்ஸாக்‌ஷனல் அனாலிசிஸ்’ எனப்படும் பரிமாற்றப் பகுப்பாய்வு அவருக்கு அறிமுகமானது. பெற்றோர் நிலை, வளர்ந்தவர் நிலை, குழந்தை நிலை என்ற மூன்றில் ஏதோ ஒன்றிலிருந்துதான் மனிதர்கள் பேசுகிறார்கள் என்று கேட்டதும், வீட்டுச் சண்டைகளுக்கெல்லாம் விளக்கம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறார். அலுவலகத்தில் அது நன்றாகவே பயன்பட்டது. வீட்டில் நடந்தது நேர்மாறு.

“மின்கட்டணம் கட்டியாகிவிட்டதா?” என்று மனைவி கேட்டால், “ஒவ்வொன்றுக்கும் உன்னிடம் கணக்குச் சொல்ல வேண்டுமா?” என்பதுதான் இவருடைய பழைய பதில். பயிற்சிக்குப் பிறகு அது மாறியது. “நீ இப்போது பெற்றோர் நிலையிலிருந்து பேசுகிறாய். வளர்ந்தவர் நிலைக்கு வா, பேசலாம்.” மனைவி சொன்னது: “உங்கள் பயிற்சி வகுப்பை என்னிடம் நடத்த வேண்டாம்.”

ஒருநாள் மனைவி தன் புதிய மேலதிகாரியைப் பற்றி மனம் நொந்து பேசியிருக்கிறார். வேலை முடியும் நேரத்தில்தான் புது வேலையைத் தூக்கிக் கொடுக்கிறாராம் அந்த அதிகாரி. இவர் நான்கு வழிகள் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் “சரிதான், ஆனால்” என்று மறுப்பு வந்தது. “உனக்குத் தீர்வு வேண்டாம், புலம்பத்தான் வேண்டும். இது ஒரு விளையாட்டு, எங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கிறது” என்று இவர் சொல்ல, வாக்குவாதம் முற்றியது. அன்று இவர் கைபேசியைச் சுவரில் வீசியெறிந்திருக்கிறார். “யார்மீதும் படவில்லை” என்று எழுதியிருக்கிறார். அதிலிருந்து மூன்று வாரங்களாக மனைவி தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. மகள் அம்மாவின் பக்கம் நிற்கிறாள். மனைவி எந்தெந்தத் தேதியில் எந்தெந்த நிலையிலிருந்து பேசினார் என்று இவர் ஒரு நோட்டில் குறித்து வருகிறார். ஆதாரத்தோடு பேசினால் மனைவி ஒப்புக்கொள்வார் என்பது இவர் நம்பிக்கை.

கேட்பவை மூன்று. மனைவியை எப்படி வளர்ந்தவர் நிலைக்குக் கொண்டுவருவது? அவருடைய விளையாட்டை எப்படி நிறுத்துவது? மகளை எப்படி இதிலிருந்து விலக்கி வைப்பது?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் வீட்டில் பேச்சு சுமுகமாக நடக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறீர்கள். கடிதம் முழுவதும் அது தெரிகிறது. ஆனால் உங்கள் மூன்று கேள்விகளிலும் மாற வேண்டியவர் மற்றவராகவே இருக்கிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

பரிமாற்றப் பகுப்பாய்வை உருவாக்கிய எரிக் பெர்ன், 1910இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர். 1950களில் இந்த முறையை அவர் வளர்த்தெடுத்தபோது, மருத்துவர்களுக்கு மட்டும் விளங்கும் கடினமான சொற்களைத் தவிர்த்தார். சிகிச்சைக்கு வருபவரும் அதே சொற்களைக் கொண்டு தன்னைத் தானே புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். சொற்கள் எளிமையாக இருப்பதால் இரண்டே நாளில் கற்றுக்கொள்ள முடிகிறது. அதே காரணத்தால் எதிரே இருப்பவர்மீது எடுத்து வீசவும் முடிகிறது.

வளர்ந்தவர் நிலை என்பது பதவி உயர்வு அல்ல

பெற்றோர் நிலை என்பது நம்மை வளர்த்தவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட எண்ணம், உணர்வு, நடத்தை எல்லாம் சேர்ந்தது. அதில் கட்டுப்படுத்தும் முகமும் உண்டு, பேணி வளர்க்கும் முகமும் உண்டு. குழந்தை நிலை, சிறு வயதில் நாம் உணர்ந்ததையும் நடந்துகொண்டதையும் இன்றும் திரும்ப வாழ்வது. அங்கே தடையில்லாமல் சிரிக்கிற, ஆசைப்படுகிற, அழுகிற குழந்தையும் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொண்ட குழந்தையும் இருக்கிறது. அந்த வளைதல் சிலரிடம் பணிவாக வெளிப்படும், சிலரிடம் முரண்டாக. வளர்ந்தவர் நிலை, இந்த நிமிடத்தில் நம் முன்னால் இருப்பதை உள்ளபடி எடைபோட்டு நடந்துகொள்வது. இவை மூளையில் பிரிந்து கிடக்கும் பகுதிகள் அல்ல. நடத்தையைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு வகைப்பாடு.

மூன்றில் வளர்ந்தவர் நிலை மட்டும் நல்லது, மற்ற இரண்டும் கோளாறு என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பயிற்சி வகுப்புகளில் அலுவலக உதாரணங்களையே அதிகம் பேசுவதால் பலரும் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் மகள் காய்ச்சலில் கிடக்கும்போது அவள் நெற்றியில் கை வைப்பது பெற்றோர் நிலை. நீங்களும் உங்கள் மனைவியும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கியதே பெரும்பாலும் இருவரின் குழந்தை நிலையும் ஒன்றையொன்று கண்டுகொண்டதால்தான். நாள் முழுக்க வளர்ந்தவர் நிலையில் மட்டும் பேசும் இருவருக்கிடையே வேலை நடக்கும், நெருக்கம் இருக்காது. உங்கள் மனைவி அவருடைய மேலதிகாரியைப் பற்றி வருந்திப் பேசிய அந்த மாலையில், அவர் எந்த நிலையிலிருந்து பேசியிருந்தாலும் அதில் தவறில்லை.

சொல்லும், அதன் அடியில் போகும் செய்தியும்

“நீ பெற்றோர் நிலையிலிருந்து பேசுகிறாய். வளர்ந்தவர் நிலைக்கு வா.” இந்த வாக்கியத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். சொற்கள் பாடப்புத்தகத்திலிருந்து வந்தவை, குரலும் அமைதியாகவே இருந்திருக்கலாம். ஆனால் இதில் ஒருவர் மற்றவருக்கு மதிப்பெண் போடுகிறார். தேறினால்தான் பேச்சு என்று நிபந்தனையும் வைக்கிறார். மேலே வளர்ந்தவர் பேச்சு, அடியில் கண்டிக்கும் பெற்றோரின் பேச்சு. இப்படி இரண்டு தளத்தில் நடப்பதை மறைமுகப் பரிமாற்றம் என்று பெர்ன் வகைப்படுத்தினார். அவர் வகுத்த தொடர்பு விதிகள் மூன்று. சொல் போகும் திசைக்கு ஏற்ற திசையில் பதில் வந்தால் பேச்சு தடையின்றி நீளும். எதிர்பாராத திசையிலிருந்து பதில் வந்து குறுக்கிட்டால் பேச்சு முறியும். மறைமுகப் பரிமாற்றத்தில் விளைவைத் தீர்மானிப்பது வெளியே கேட்கும் சொல் அல்ல, அடியில் போகும் செய்தி.

மூன்றாவது விதியை உங்கள் வீட்டில் பொருத்திப் பாருங்கள். “பயிற்சி வகுப்பை என்னிடம் நடத்த வேண்டாம்” என்ற உங்கள் மனைவியின் பதில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத கோபமாகத் தோன்றியிருக்கிறது. எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. அடியில் போன செய்தியை அவர் சரியாகக் கேட்டு, அதற்கே பதில் சொல்லியிருக்கிறார்.

மின்கட்டணக் கேள்விக்கு வருவோம். “கட்டியாகிவிட்டதா?” என்பது சொல்லளவில் ஒரு தகவலைக் கேட்பது. “கணக்குச் சொல்ல வேண்டுமா?” என்ற பதிலோ, அதட்டும் பெரியவரிடம் முரண்டு பிடிக்கும் பிள்ளையின் பதில். மனைவி அதட்டும் குரலில்தான் கேட்டார் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று அறிய பெர்ன் நான்கு வழிகளைச் சொன்னார்: சொல், குரல், உடல்மொழி ஆகியவற்றில் தெரியும் அவருடைய நடத்தை; எதிரே இருப்பவரிடம் அது எழுப்பும் பதில்; சிறு வயதில் அது எங்கிருந்து வந்தது என்ற வரலாறு; அந்த நேரத்தில் உள்ளுக்குள் அவர் உணர்வது. கடைசி இரண்டும் அவரே சொன்னாலன்றி நமக்குத் தெரியாது. உங்கள் மனைவியைப் பற்றி உங்கள் கையில் இருப்பது பாதித் தகவல். உங்களைப் பற்றி நான்கும் உங்களிடம் இருக்கின்றன. அதனால்தான் இந்த முறையை முதலில் தன்னிடமே பயன்படுத்திப் பார்க்கச் சொல்கிறோம். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் உங்கள் தாடை இறுகியதா? “நீ எதைத்தான் சரியாகச் செய்தாய்” என்று கேட்ட பழைய குரல் ஏதாவது உள்ளே ஒலித்ததா? அந்த விடை உங்களுக்கு மட்டுமே தெரியும்.

விளையாட்டுக்கு இருவர் வேண்டும்

‘இப்படிச் செய்யலாமே – சரிதான், ஆனால்’ என்பது பெர்ன் 1964இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியதுதான். அவர் முதன்முதலில் பிரித்து ஆராய்ந்த விளையாட்டும் இதுவே. உங்கள் குறிப்பேட்டில் இருந்தது பிழையில்லை. ஆனால் அதன் பெயரிலேயே இரண்டு பாதிகள் இருக்கின்றன. ‘சரிதான், ஆனால்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும் என்றால், ‘இப்படிச் செய்யலாமே’ என்று விடாமல் எடுத்துக்கொடுக்க இன்னொருவர் வேண்டும். அது நீங்கள்.

இன்னொன்று, விளையாட்டு என்றதும் திட்டமிட்ட ஏமாற்று என்று நினைத்துவிட்டீர்கள். பெர்ன் சொன்ன பொருளில் விளையாட்டு ஆடுபவருக்கே தெரியாமல் நடப்பது. தெரிந்தே செய்தால் அது சூழ்ச்சி. அதற்கு வேறு பெயர். “நீ விளையாடுகிறாய்” என்று குற்றம் சாட்டும்போது, அவர் உணராத ஒன்றைச் செய்ததாக அவரை ஒப்புக்கொள்ளச் சொல்கிறீர்கள். யாராலும் முடியாது.

பெர்னின் மாணவர் ஸ்டீபன் கார்ப்மன் 1968இல் விவரித்த நாடக முக்கோணத்தில் பாதிக்கப்பட்டவர், காப்பாற்றுபவர், துன்புறுத்துபவர் என்று மூன்று வேடங்கள். மோதல் முற்றுகிற இடத்தில் வேடங்கள் சட்டென்று மாறும். நான்கு யோசனைகள் வரை நீங்கள் காப்பாற்றுபவர். “உனக்குப் புலம்பத்தான் வேண்டும்” என்ற நொடியில் துன்புறுத்துபவர். பிறகு கடிதத்தில், புரிந்துகொள்ளாத மனைவியிடம் மாட்டிக்கொண்ட பாதிக்கப்பட்டவர். ஒரே சண்டையை வைத்து மூன்றையும் சுற்றி வந்திருக்கிறீர்கள்.

அது விளையாட்டே இல்லாமலும் இருந்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தன் அலுவலகத்தை உங்களைவிட நன்கு அறிந்தவர், நீங்கள் சொன்ன நான்கு வழிகளும் அங்கே ஏன் நடக்காது என்று காரணத்தோடு சொன்னார், அவ்வளவுதான். அவர் தீர்வு கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அடுத்த முறை முதலிலேயே கேளுங்கள்: “சேர்ந்து வழி யோசிக்கலாமா, அல்லது நான் கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா?” என்ன உதவி வேண்டும் என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்வதை இந்த முறையில் ஒப்பந்தம் என்பார்கள். விளையாட்டு தொடங்குவதற்கே அங்கு இடம் குறைந்துவிடுகிறது.

சுவரில் மோதிய கைபேசி

கடிதத்தில் அரை வரியில் கடந்துபோன செய்தி இது. நான் கடந்துபோக முடியாது. “யார்மீதும் படவில்லை” என்பது உங்கள் பார்வையில் ஆறுதல். அதே அறையில் நின்றிருந்தவருக்கு, அடுத்த முறை எங்கே படும் என்பதுதான் கேள்வி. இதை எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போன பரிமாற்றம் என்று வரைபடம் போட்டுப் பேசுவது முறையல்ல. பொருளை வீசுவது அச்சுறுத்தல். உங்கள் நோக்கம் அதுவாக இல்லாவிட்டாலும் விளைவு அதுதான்.

ஆகவே, அன்று தொடங்கிய மூன்று வார மௌனத்தையும் பிடிவாதம் என்றோ விளையாட்டு என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்துபோனவர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாக அது இருக்கலாம். இருவரும் சமமான பாதுகாப்போடு பேச முடிகிற இடத்தில்தான் இந்தப் பகுப்பாய்வு உதவும். ஒருவர் மற்றவரைக் கண்டு அஞ்சும் வீட்டில், “நீயும் உன் பங்கைப் பார்” என்று அஞ்சுபவரிடம் சொல்வது அநீதி. வீசியதற்கு அவர் பேச்சு காரணம் அல்ல. வீசியது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. இது முன்பும் நடந்திருந்தால், அல்லது இனி நடக்காது என்று உங்களுக்கே உறுதி இல்லையென்றால், தம்பதி ஆலோசனைக்கு முன் நீங்கள் தனியாக ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்த நோட்டு

ஒரு காலத்தில் அமெரிக்கக் கடைகளில் பொருள் வாங்குபவர்களுக்குச் சிறு வில்லைகள் தருவார்கள். அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்துப் பிறகு பரிசுப் பொருளாக மாற்றிக்கொள்ளலாம். மனக்குறைகளை நாம் சேர்த்துவைக்கும் விதத்தை விளக்க பெர்ன் இதைத்தான் எடுத்துக்காட்டினார். அந்தந்த நேரத்தில் சொல்லித் தீர்க்காத கோபம் ஒவ்வொன்றும் ஒரு வில்லை. கொஞ்சம் சேர்ந்தால் ஒரு பெரிய சண்டைக்கு ஈடாகும். நிறையச் சேர்ந்தால் “இனி உன்னோடு வாழ முடியாது” என்று சொல்லும் உரிமை கிடைத்துவிட்டதாகத் தோன்றும். நீங்கள் நிஜமாகவே நோட்டுப் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதை மனைவி முன் விரிக்காதீர்கள். அது உரையாடலாக இருக்காது, விசாரணையாகிவிடும். அதற்குப் பதிலாகக் கடைசியாக எழுதிய ஒரே ஒரு பதிவை எடுத்து, அவர் சொன்ன வரிக்கு முன்னால் நீங்கள் சொன்னதையும் பின்னால் நீங்கள் சொன்னதையும் எழுதிப் பாருங்கள். உங்கள் பக்கப் பதிவு ஒன்றுகூட அந்த நோட்டில் இல்லை என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: மிரட்டலுக்கோ அடிக்கோ ஆளாகிறவர்கள் தங்கள் பாதுகாப்புக்காகத் தேதியோடு குறித்து வைப்பது முற்றிலும் வேறு. அதைத் தொடருங்கள்.

இனி என்ன பேசலாம்

முதலில் மன்னிப்பு. அதுவும் தனித்தனியாக இரண்டுக்கு. “அன்று கைபேசியை வீசியது தவறு. நீ பயந்திருப்பாய். இனி கோபம் வந்தால் அறையைவிட்டு வெளியே போய்விட்டு, அரை மணி நேரத்தில் திரும்பி வருவேன்.” இன்னொன்று: “பயிற்சியில் கற்றதை வைத்து உன்னைத் திருத்தப் பார்த்தேன். அந்தச் சொற்களை இனி உன்மீது பயன்படுத்த மாட்டேன்.” அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். “ஆனால் நீயும்” என்று தொடர்ந்தால் முன்னால் சொன்னது அத்தனையும் அழிந்துவிடும். அவர் உடனே மன்னிக்க வேண்டியதில்லை, பதில் சொல்லவும் வேண்டியதில்லை.

அடுத்தது, தினசரிப் பேச்சு. “எப்போதும்”, “ஒருபோதும்”, “எத்தனை தடவை சொல்வது” போன்ற சொற்கள் உங்கள் நாக்கின் நுனியில் வரும்போது, கட்டுப்படுத்தும் பெற்றோர் உள்ளே எழுந்துவிட்டார் என்று உங்களுக்கு நீங்களே அடையாளம் வைத்துக்கொள்ளலாம். மின்கட்டணக் கேள்வி மறுபடி வரும். “இன்னும் கட்டவில்லை. நாளை கடைசி நாள். இன்றிரவு கட்டிவிடுகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். அவர் அதட்டலாகவே கேட்டிருந்தாலும் இந்தப் பதில் பொருந்தும். அதட்டலை எதிர்பார்த்த திசையில் வாங்கிக்கொள்ளாமல் தகவலாகத் திருப்பிக் கொடுப்பதும் ஒரு குறுக்கீடுதான். பழைய தடத்தை முறிக்கிற நல்ல குறுக்கீடு. எல்லா நேரத்திலும் தகவல் பதில் போதாது. அவர் கலங்கியிருக்கும்போது “உனக்கு இது கஷ்டமாகத்தான் இருக்கும்” என்ற பேணும் குரல் வேண்டும். உங்களுக்கே பயமாக இருந்தால் “எனக்கும் பயமாக இருக்கிறது” என்று சொல்லத் துணிய வேண்டும். இது உங்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு நல்ல சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஒருவர் மற்றவரின் இருப்பை ஏற்றுக்கொண்டதாகக் காட்டும் ஒவ்வொரு சொல்லையும் பார்வையையும் பெர்ன் ‘வருடல்’ என்று குறிப்பிட்டார். மனிதருக்கு அது பசி போன்ற தேவை. இனிய வருடல் கிடைக்காதபோது, எதுவும் இல்லாததற்குக் கசப்பானதாவது கிடைக்கட்டும் என்று மனம் அதையே தேடிப் போகும். கட்டணம், வேலை, குறை இவற்றைத் தவிர வேறெதுவும் பேசாத தம்பதிகள் திரும்பத் திரும்பச் சண்டைக்குள் விழுவதற்கு இது ஒரு காரணம். எதையும் எதிர்பார்க்காத ஒரு நல்ல சொல், அதுவும் உண்மையானதாக, அவருக்கு உங்களிடமிருந்து கடைசியாக எப்போது கிடைத்தது?

மகள்

அவள் காப்பாற்றுபவர் வேடத்தில் இருக்கிறாள் என்று அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அவளை விலக்கி வைக்க வழி கேட்கிறீர்கள். அம்மாவுக்குப் பாதுகாப்பு தேவையில்லை என்று அவளுக்குத் தெரிந்தால் அவளே விலகிவிடுவாள். கைபேசி சுவரில் மோதிய சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். அவளிடமும் தனியாக மன்னிப்புக் கேளுங்கள். “இது நானும் அம்மாவும் சரிசெய்ய வேண்டியது, உன் பொறுப்பு இல்லை” என்று சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அவள் மூலம் சொல்லி அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள்.

சில வாரங்கள் போகட்டும். வீட்டில் பயம் தணிந்தது என்று மனைவி தாமாகவே உணர்ந்த பிறகு, இருவருமாக ஓர் ஆலோசகரைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். யாரைப் பார்ப்பது என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். முதலில் இருவரையும் தனித்தனியே சந்தித்துப் பேசுகிறவராக இருப்பது நல்லது. கணவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாதது அவரிடம் இருக்கலாம். அவர் வர மறுத்தால் வற்புறுத்தாமல் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.